குழாயடியில் அவிழ்த்த காப்பு

என் மகளின் கைத்தோலைக் கிள்ளி விட்டேன். கிள்ளியது கிள்ளியபடியே நின்றது. பிழிந்து போட்ட ஈரத்துணியில் மடிப்பு நிற்குமே, அப்படி. ஒன்பது வயதுப் பெண்ணின் தோல் அது. காலையில் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு, ரிப்பன் சரியாகக் கட்டவில்லை என்று என்னோடு சண்டை போட்டவள். மதியத்துக்குள் கண் உள்ளே போய், உதடு வெடித்து, எனக்குத் தெரியாத யாரோ ஒரு கிழவியின் முகம் அவளுக்கு வந்துவிட்டது.

அவள் இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து என் விரல்கள் என் முழங்கைத் தோலையே கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே, சிம்மக்கல்லிலிருந்து வரும் டவுன் பஸ் ஆலமரத்தைச் சுற்றித் திரும்பிப் போகும் இடத்தில் இருக்கிறது. நான் டவுனில் மின்சார ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் எப்போது திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது. அந்தப் பங்குனியிலும் அப்படித்தான் போயிருந்தார். மாரியம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் நாளில் அவர் ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாக நான் கட்டிக்கொண்டேன். மஞ்சள் நனைத்த நூல், அதில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு. எனக்கும் வேண்டும் என்று மகள் அடம் பிடித்து அவளும் கட்டிக்கொண்டாள்.

காப்பைக் கையில் கட்டுவது சிலர்தான். அதற்குக் கட்டுப்படுவது ஊர் மொத்தமும். கட்டும் நாளில் ஊரில் இருந்தவர் யாரும் திருவிழா முடியும்வரை எல்லைக் கல்லுக்கு வெளியே இரவு தங்கக்கூடாது. பகலில் வேலைக்குப் போய் வரலாம். விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். அதேபோல, காப்புக் கட்டாத வெளியூர்க்காரர் விளக்கு வைத்த பிறகு ஊருக்குள் தங்கக்கூடாது. கல்யாணமாகி வெளியூர் போன பெண்களும் முதல் நாளே வந்து கட்டிக்கொண்டால்தான் இருக்கலாம். என் ஆபீஸில் இதை நான் விளக்கவேண்டியதே இல்லை. “காப்பா? போங்க, போங்க” என்று முந்தின பஸ்ஸுக்கே அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. அதை வேறு ஊரில் நான் கேள்விப்பட்டதில்லை. காப்பு நாட்களில் குடிக்க, சமைக்க ஊருணித் தண்ணீர்தான். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் ஆகாது. காரணம், குழாய்க்குத் தண்ணீர் வரும் போர்வெல் கண்மாய்க்கு அந்தப் பக்கம், எல்லைக்கு வெளியே இருக்கிறது. வெளியிலிருந்து வரும் தண்ணீர் ஆத்தாவுக்கு ஆகாது என்று குழாய் போட்ட வருடமே பேசி முடித்துவிட்டார்கள். ஏதோ ஆதிகாலத்திலிருந்து அப்படித்தான் என்பதுபோல எல்லாரும் நடந்துகொண்டோம்.

அந்த வருடம் மழை இல்லை. ஊருணி நடுவில் ஒரு குழியாகச் சுருங்கிக் கிடந்தது. ஆடு மாடு இறங்காமல் முள் வைத்திருந்தார்கள். ஆனால் குடத்தை முக்க மனிதர்கள் இறங்கித்தானே ஆகவேண்டும்? சேற்றுக்குள் முழங்கால் வரை இறங்கினோம். வீட்டுக்கு வந்து வேட்டித் துணியில் வடிகட்டினோம். தெருவில் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. காக்கைகள் வந்து குடித்துவிட்டுப் போயின.

அன்று காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போதுதான் மகள் வாசலில் வாந்தி எடுத்தாள். பிறகு வயிற்றால் போகத் தொடங்கியது. முதலில் ஏதோ தின்றிருப்பாள் என்று நினைத்தேன். பிறகு போனது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர். அவளுக்கும் என் மகள் வயதில் ஒரு மகன்.

“தண்ணி குடுத்துராத மதினி. குடுக்கக் குடுக்கப் போகும். வயிறு காயட்டும்.”

“நாக்கு ஒட்டுதுங்குறாளே.”

“கேப்பா. குடுத்துராத. வெளிய மூச்சு விட்டுராத, சொல்லிட்டேன். காப்பு நேரத்துல வாந்திபேதின்னு ஒரு வீட்டுல சொன்னா அந்த வீட்டுல குத்தம்பாக.”

சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனாள். அந்த வேகம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கோயிலுக்கு ஓடினேன். என் வீட்டுக்காரரின் அண்ணன்தான் அந்த வருடம் திருவிழாவை எடுத்து நடத்தும் முறைகாரர். நான் மச்சான் என்று கூப்பிடுவேன். பந்தலில் தோரணம் கட்டுகிறவர்களை ஏவிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு காதைக் கிழித்தது. அவர் காதருகே போய்க் கத்த வேண்டியிருந்தது.

“மச்சான், பிள்ளைக்கு ரொம்ப முடியல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். வண்டி கட்டச் சொல்லுங்க.”

அவர் முகம் மாறியது. என் மகள் என்றால் அவருக்கு உயிர். அவருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை இல்லை. அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆனாலும் என் மணிக்கட்டைத்தான் முதலில் பார்த்தார்.

“பெரியாஸ்பத்திரிக்குப் போனா பெட்டுல போட்டுருவாகத்தா. விளக்கு வைக்கிறதுக்குள்ள திரும்ப முடியுமா?”

“முடியலன்னா என்ன மச்சான்? உயிரு போகுது!”

“உன் கையிலயும் காப்பு, அவ கையிலயும் காப்பு. ஊருக்கே ஆகாது தாயி. பூசாரிகிட்டத் துண்ணூறு வாங்கிப் பூசு. ஆத்தா பாத்துக்கிருவா. சாயந்தரம் நான் வாரேன்.”

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அதுதான் எனக்கு இன்றும் திகைப்பாக இருக்கிறது. கண் கலங்கிக்கொண்டேதான் அதைச் சொன்னார்.

அக்கா இருந்தால் அவரை மடக்கியிருப்பாள். ஆனால் அக்காவை யாரும் பார்க்க முடியாது. அவள்தான் அந்த வருடம் முளைப்பாரி வளர்த்தாள். முளைப்பாரிச் சட்டிகளை வெயில் படாத வீட்டில் அடைத்து வைத்து, விரதம் இருக்கும் பெண் ஒருத்தி மட்டும் உள்ளேயே இருந்து தண்ணீர் தெளித்து வளர்க்க வேண்டும். ஆண்கள் அந்தக் கதவருகே போகக்கூடாது. கட்டிய கணவனாயிருந்தாலும் சரி. மச்சான் கோயிலிலேயே படுத்துக்கொண்டார். காலையில் என் மகள் கதவோரம் ஒரு குடம் தண்ணீர் வைத்துவிட்டு வருவாள். மாலையில் பெண்கள் வாசலில் கும்மியடிப்போம். அக்கா உள்ளிருந்து குலவை போடுவாள். அவள் குலவை தெருக்கோடி வரை கேட்கும்.

நான் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆலமரத்துக்கு நடந்தேன். வண்டி இல்லையென்றால் பஸ் இருக்கிறது. என் புடவை நனைந்தது. அவள் கனமே இல்லாமல் கிடந்தாள்.

ஆலமரம் எல்லைக் கல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் போவதை யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரியும் நாலைந்து பெண்களும் பின்னாலேயே ஓடி வந்து என் முந்தானையைப் பிடித்தார்கள்.

“எங்க போற? ஒன் பிள்ளைக்காக ஊர்ப் பிள்ளைகளப் பலி குடுக்கப் போறியா?”

“விடுடி.”

“நீ படிச்சவ, ஒனக்கு நம்பிக்கை இல்ல. எங்களுக்கு இருக்கு. நீ இன்னைக்கு வெளிய தங்கினா எம்மகன் விடியிற வரைக்கும் தாங்க மாட்டான்!”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒம்மகனுக்கு என்ன?”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “நேத்து சாயந்தரத்துல இருந்து போகுது மதினி. கோணியப் போட்டு மூடி வச்சிருக்கேன்.”

பக்கத்தில் நின்றவள் திடீரென்று அழத் தொடங்கினாள். அவள் வீட்டில் மாமனார். இன்னொருத்தி வீட்டில் அவள் புருஷனும் கைக்குழந்தையும். என் முந்தானையைப் பிடித்திருந்த அத்தனை பேர் வீட்டிலும் ஆள் கிடந்தது. விடியற்காலையில் பெண்கள் அடுப்புச் சாம்பலை முறத்தில் அள்ளிக்கொண்டு கொல்லைப் பக்கம் போவதைப் பார்த்திருந்தேன். திருவிழாவுக்கு வீடு சுத்தம் செய்கிறார்கள் என்று நினைத்தேன். வாந்தியையும் பேதியையும் மூடத்தான் என்று இப்போது புரிந்தது. எல்லாரும் அவரவர் வீட்டில் மட்டும்தான் குற்றம் என்று நினைத்து மூடிக்கொண்டிருந்திருக்கிறோம். பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் ஒரு ராத்திரி முழுக்க வாந்தி எடுத்திருக்கிறான். எனக்குத் தெரியாது.

பஸ் வந்து திரும்பியது. பிடித்த கைகள் தாமாக விட்டுவிட்டன. நான் படியில் கால் வைத்தேன். மகள் அந்த நேரம் பார்த்து ஓங்கரித்தாள்.

“வாந்திபேதி! யோவ், ஏத்தாதய்யா!” என்று உள்ளே ஒருவர் கத்தினார். இரண்டு பேர் எழுந்து பின்வாசல் வழியாக இறங்கியே விட்டார்கள்.

கண்டக்டர் தினமும் என்னைப் பார்க்கிறவர். அவர் மகளைப் பார்த்தார், உள்ளே பார்த்தார். கையால் படியை மறித்தார்.

“தாயி, ஏத்துனா வண்டியே காலியாயிரும், வழியில எவனாச்சும் அடிச்சே போடுவான். இது ஒத்தைப் பிள்ளையா, இல்ல ஊருக்கேவா?”

“ஊருக்கேண்ணே. அம்புட்டு வீட்லயும்.”

“போற வழியில கவர்மெண்டு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்குல்ல, அங்க வண்டிய நிறுத்தி இறங்கிச் சொல்லிட்டுத்தான் போவேன். எம்புள்ள மேல சத்தியம். நீ பிள்ளைய நெழலுக்குக் கொண்டு போ.”

விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. புழுதி அடங்கும்வரை அப்படியே நின்றேன். அவரை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

வீட்டுக்கு வந்தால் பானையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மகளை விட்டுவிட்டு ஊருணிக்குப் போக முடியாது. வாசலிலேயே குழாய் இருந்தது. பிடித்தேன். நான் எதையும் எதிர்த்துச் செய்யவில்லை, அது பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுக்கலாம் என்று எப்போதோ ரேடியோவில் கேட்டது நினைவு வந்தது. எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை என்பது நினைவுக்கு வரவில்லை. கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது என்று ஏதோ சொன்னார்கள். நாக்கில் விட்டுப் பார்த்தேன். என் முகமெல்லாம் கண்ணீராக இருந்ததால் எது எந்த உப்பு என்றே தெரியவில்லை. கொதிக்க வைத்து ஆற்றி ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினேன். கக்கினாள். மறுபடி ஊற்றினேன். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்தாள். பிறகு போய்க் குழாயைத் திறந்தாள். அந்தச் சத்தம் கேட்டது.

ஜீப் வரும்போது பொழுது இறங்கிவிட்டது. ஒரு இளவயது டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு டிரைவர், பின்னால் குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகள். டாக்டர் முதலில் பார்த்த வீட்டிலிருந்து வெளியே வந்து தெருவில் நின்றே கத்தினார்.

“இது காலரா! புரியுதா? காலரா! எல்லாரும் கிளம்புங்க. ஆம்புலன்ஸுக்கு ஆள் அனுப்புறேன். அதுவரைக்கும் ரொம்ப மோசமா இருக்கறவங்கள ஜீப்புல ஏத்துங்க.”

யாரும் நகரவில்லை. அந்தச் சொல்லை ஊருக்குள் யாரும் உரக்கச் சொல்வதில்லை. பாட்டுக்கூட நின்றிருந்தது. மச்சான் முன்னால் வந்தார்.

“ஐயா, காப்புக் கட்டியிருக்கு. ஊரு எல்லையத் தாண்டித் தங்க மாட்டாக.”

“அப்ப போலீஸக் கூட்டிட்டு வரணுமா?”

“கூட்டிட்டு வாங்க. விளக்கு வச்சப்பறம் அவுகளும் உள்ள தங்க முடியாது.”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்த நேரத்தில் ஒரு சிரிப்பு. டாக்டருக்கு முகம் சிவந்தது. நான் மகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் நடுவில் போய் நின்றேன். அவள் தோலைக் கிள்ளிக் காட்டினேன்.

நர்ஸ் அவளை என்னிடமிருந்து வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து மச்சானைக் கேட்டாள்.

“இங்கேயே வச்சு வைத்தியம் பாத்தா?”

“பாருங்கம்மா. அந்தா பந்தல் இருக்கு. ஆனா விளக்கு வச்சப்பறம் காப்புக் கட்டாதவுக...”

“எங்களயும் கெளம்பச் சொல்றீங்களா?”

நர்ஸ் வலது கையை நீட்டினாள்.

“அப்பக் கட்டுங்க.”

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல்: “அந்தம்மா கழுத்துல சிலுவையில்ல கெடக்கு!”

“அது கழுத்துல கெடக்கு. கையி சும்மாத்தான இருக்கு? சீக்கிரம் கட்டுங்க, இந்தப் பிள்ளைக்கு நாடி கெடைக்க மாட்டேங்குது.”

மச்சான் ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பிறகு பூசாரியிடமிருந்து நூலை வாங்கி அவரே கட்டினார். டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுக் கையை நீட்டினார். டிரைவர் மட்டும் பின்வாங்கினார்.

“எனக்கு வேணாம்ணே. பெறகு வீட்டுக்கே போக விட மாட்டீக. நான் வண்டிய கல்லுக்கு அங்கிட்டு நிறுத்திட்டு அதுலயே படுத்துக்கிறேன்.”

ஜீப்பை எல்லைக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார்.

அதன் பிறகு நடந்ததை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. என்னை மறித்த அதே பெண்கள் வீடு வீடாகக் கட்டில்களை இழுத்து வந்தார்கள். கோணிகளை விலக்கினார்கள். கதவுகள் திறக்கத் திறக்க ஆள் வந்துகொண்டே இருந்தது. கயிற்றுக் கட்டில்களின் நடுக்கயிற்றை வெட்டி, அடியில் வாளி வைத்தார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்குகள் வந்தன. மாவிலைத் தோரணக் கயிற்றில் குளுக்கோஸ் பாட்டில்கள் தொங்கின. பொங்கலுக்கு ஊரார் கொடுத்திருந்த அரிசியைப் பெரிய அண்டாவில் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கஞ்சி காய்ச்சினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. நர்ஸ் ஒலிபெருக்கியைப் பிடித்து, “காப்புக் கட்டினவ சொல்றேன், ஊருணியில யாரும் கால் வைக்கக் கூடாது, ஒரு சொட்டு எடுக்கக் கூடாது” என்றாள். நான் டைப் அடித்த எத்தனையோ சுற்றறிக்கைகளில் இப்படி ஒரு வாக்கியம் இருந்ததில்லை.

என் மகளுக்கு ஊசி ஏறவில்லை. கையில் குத்தினார்கள், புறங்கையில் குத்தினார்கள். அவள் அழவே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. கடைசியில் டாக்டர் மண்டியிட்டுக் கணுக்காலில் நரம்பைப் பிடித்தார். சொட்டு விழத் தொடங்கியது. முதல் பாட்டில் ஓடியது. இரண்டாவதில் பாதி போயிருக்கும். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“பெரியம்மா தண்ணி குடிச்சாங்களாம்மா?”

“என்னடா?”

“காலையில குடம் வைக்கப் போனேன்ல. உள்ள இருந்து தண்ணி, தண்ணின்னாங்க. மொளைப்பாரிக்குன்னு நெனச்சேன். வச்சிட்டு வந்துட்டேன்.”

அன்று மாலை கும்மி இல்லை. எல்லாரும் பந்தலில் இருந்தோம். கும்மி நடந்திருந்தால் குலவை வரவில்லை என்று தெரிந்திருக்கும். பகல் முழுக்க ஒலிபெருக்கி. அதற்குள் யார் கூப்பிட்டாலும் யாருக்குக் கேட்டிருக்கும்?

பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்காரியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். நர்ஸும் வந்தாள். முளைப்பாரி வீட்டு வாசலில் குடம் வைத்தது வைத்தபடி, வாய்வரை தண்ணீரோடு இருந்தது. கதவில் வேப்பிலை. பிள்ளை சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்ட மச்சான் எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டார், ஆனால் கதவிலிருந்து தள்ளி நின்றார். அவர் கைகள் முன்னால் நீண்டு, திரும்பி, மறுபடி நீண்டன.

“விரதம் இருக்குற பொம்பளதான் தொறக்கணும்” என்றார். சிறுபிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது குரல்.

“மத்தியானத்துல இருந்து பச்சைத் தண்ணி குடிக்கல. இது விரதந்தான்” என்று நர்ஸ் கதவைத் தள்ளினாள்.

டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது முளைகள்தான். இருட்டில் வளர்ந்த, வெளிறிய மஞ்சள் முளைகள், சட்டி சட்டியாக. அவ்வளவு செழிப்பாக நான் எந்த வருடமும் பார்த்ததில்லை. அவற்றுக்கு நடுவில் அக்கா ஒருக்களித்துக் கிடந்தாள். உள்ளே இருந்த பானை காலி. மண் ஈரமாக இருந்தது. கடைசித் தண்ணீரை முளைகளுக்குத் தெளித்திருக்கிறாள். எனக்கு வேறு விதமாக நினைக்கத் தெரியவில்லை.

நர்ஸ் கழுத்தில் விரலை வைத்து, “இருக்கு, இருக்கு, லேசா இருக்கு” என்றாள். டாக்டரும் ஓடி வந்து பார்த்தார். கணுக்காலிலும் நரம்பு கிடைக்கவில்லை. “இங்க முடியாது. பெரியாஸ்பத்திரி. இப்பவே” என்றார். இந்தமுறை அவர் கத்தவில்லை.

ஜீப் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றது. யாராவது ஓடிப்போய் அதை உள்ளே கூப்பிட்டிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. மச்சான் கதவைத் தாண்டி முளைப்பாரி அறைக்குள் போனார். அக்காவை அள்ளித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஓடினார். தெரு முழுக்கப் பந்தலிலிருந்து எழுந்து பார்த்தது. அவர் கையிலிருந்த காப்பு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மஞ்சளாகத் தெரிந்தது. எல்லைக் கல்லை அவர் ஒரு மண்ணாங்கட்டியைத் தாண்டுவதுபோலத் தாண்டினார். நிற்கவில்லை, கும்பிடவில்லை. யாரும் மறிக்கவும் இல்லை.

அக்கா உயிரோடு ஆற்றுப்பாலம் தாண்டவில்லை. விடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதற்கு மேல் நான் விரிவாக எழுதப் போவதில்லை. மறுநாள் தண்ணீர் லாரி வந்தது. ஊசி போட ஆட்கள் வந்தார்கள். ஊருணியில் பிளீச்சிங் பவுடர் கொட்டி முள்வேலி போட்டார்கள். இன்னும் சிலரை இழந்தோம். பக்கத்து வீட்டுப் பையன் பிழைத்தான். அவன் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் ஒரு வாரம் என் மகளுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியவளும் அவள்தான், பந்தலில் பாட்டிலைக் கை மரத்துப்போகும்வரை பிடித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு இன்றுவரை முடியவில்லை.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது பந்தலில் பாட்டில்கள் இறங்கியிருந்தன. வாசலில் லாரியை நிறுத்திவிட்டு, “என்ன, திருவிழா முடிஞ்சிருச்சா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

முளைப்பாரியை யாரும் எடுக்கவில்லை. அன்று திறந்த கதவை யாரும் சாத்தவில்லை. வெயில் உள்ளே விழுந்து, மஞ்சளாக இருந்த முளைகள் பச்சையாக மாறிக்கொண்டு வந்தன. நான் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தேன்.

டாக்டர் மறுநாளே ஆஸ்பத்திரிக்கும் ஊருக்குமாக அலையத் தொடங்கிவிட்டார். நர்ஸ் மட்டும் காப்பு அவிழ்க்கும் நாள்வரை ஊரைவிட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டில்தான் படுத்தாள். அவிழ்க்கும் காப்பை ஊருணியில்தான் விட வேண்டும். ஊருணியில் இப்போது வேலி. எல்லாரும் தெருக்குழாயைச் சுற்றி நின்றோம். மேளம் இல்லை.

மச்சான் மொட்டைத் தலையோடு வந்தார். நர்ஸ் கையை நீட்டினாள். அவர் நூலைத் தொடாமல் நின்றார்.

“நான் எல்லை தாண்டுனவன்மா. என் கையால அவுக்கலாமான்னு தெரியல.”

“நீங்கதான கட்டுனீங்க?”

அவிழ்த்தார். குழாயைத் திறந்து நூலைத் தண்ணீரில் விட்டார். பிறகு இரண்டு கையையும் குவித்து அந்தத் தண்ணீரையே ஏந்திக் குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார். கழுத்தெல்லாம் வழிந்தது. போதும் என்று யாரும் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்து கையை நீட்டினோம்.

இப்போதெல்லாம் காப்பு நாட்களிலும் குழாய்த் தண்ணீர்தான். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் ஏதோ சாக்கில் அவள் கையைப் பிடிக்கிறேன். தோலைக் கிள்ளி விடுகிறேன். உடனே படிந்துவிடுகிறது. மறுபடி கிள்ளுகிறேன்.

“வலிக்குதும்மா. நேத்துத்தான பாத்த?” என்று கையை உதறிக்கொண்டு குழாயடிக்குப் போகிறாள்.